அட்டைப்போன் தணிகைமணி

டீ ஆறுவதற்குள் தணிகைமணி இரண்டு போன் செய்துவிடுவார். பேசுகிற போன் இல்லை, அட்டைப் போன். சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோல் வரும், பேனா வரும், புதுச் சட்டையின் மடிப்புக்குள் வைத்திருப்பார்களே, அந்த வெள்ளை அட்டை வரும். மூலைகளை வளைவாக நறுக்கி, நாலு கட்டம் போட்டு, பக்கத்தில் டீ குடிக்கிறவரின் கையில் திணித்துவிடுவார். "அண்ணே, இத போனுன்னு நெனச்சிக்கோங்க. எத அமுக்கணும்னு தோணுதோ அமுக்குங்க." திருத்தணி பஸ் நிலையத்தில் டீ குடிக்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. ஒரு கையில் கிளாஸோடு மறு கையால் அமுக்கிவிட்டு, அரசியல் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அமுக்கிய பிறகு நடப்பதுதான் வேடிக்கை. நிஜப் போன் என்றால் அடுத்த திரை தானாக வரும். அட்டைப் போனில் அந்த வேலையையும் தணிகைமணியே பார்க்க வேண்டும். வாயாலேயே "டொய்ங்" என்று சத்தம் கொடுப்பார். மடியில் இருக்கும் தாள்களில் சரியான தாளைத் தேடி அட்டையின் மேல் வைப்பார். தாள் கிடைக்கும் வரை ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் பொறுங்கள், வந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போய்விட்டது. "வெங்காயம் வாங்கினு வந்தீங்களான்னு கேட்டா வெரல சுத்துறாருங்க. வாங்கலன்னு அர்த்தம்" என்கிறார் அவர் மனைவி அனுசுயா. அவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை.

துணிக்கடைக்குப் போனால் தணிகைமணி துணியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். பாக்கெட்டின் முதுகைத் தட்டி அட்டையின் கனத்தைப் பார்ப்பார். அட்டை நன்றாக இருந்ததால் வாங்கிய கிளிப்பச்சைச் சட்டை ஒன்று அவரிடம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தன்னோடு வரக்கூடாது என்பது அனுசுயாவின் கட்டளை.

சென்னைக் கம்பெனி ஒன்றில் ஆப் வரைந்து கொடுக்கிற வேலை அவருக்கு. கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. அவர் வேலை செய்யும் முறை இட்லிக் கடைக்காரருக்குச் சட்டென்று புரியும். ஒரு தட்டு ஊற்று, தின்னக் கொடு, தின்கிறவன் முகத்தைப் பார், மாவைச் சரிசெய், மறு தட்டு ஊற்று. திங்கட்கிழமை யோசித்ததை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். "அழகா வரைஞ்சிட்டோம்னா சொந்தப் புள்ள மாரி ஆயிடுதுங்க. யாரு குத்தம் சொன்னாலும் கோவம் வருது. அட்டன்னா கிழிச்சிப் போட்டுட்டு வேற செய்யலாம்" என்பார்.

போன மாதம் வந்த வேலைதான் அவரைக் கதிகலங்க வைத்துவிட்டது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறிக் கம்பெனி நடத்துகிற வீராசாமி தன் ஆட்களுக்காக ஓர் ஆப் கேட்டிருந்தார். காலையில் தறியை ஓட்டுவதற்கு முன், மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் போனைத் தொட்டுச் சொல்ல வேண்டும். யாருக்காவது கஷ்டம் என்றால் முதலாளிக்குத் தெரிந்துவிடும். வேலையைக் கொடுத்த கையோடு மேலதிகாரி பிரியங்கா சென்னையிலிருந்து இன்னொன்றும் சொன்னார். "இந்த கிளையண்ட் வெள்ளிக்கிழமை ஓகே சொல்லலன்னா, திங்கள்லேர்ந்து நீங்க டெய்லி ஆபீஸ் வரணும் தணிகை. இதுக்கு மேல என்னால சமாளிக்க முடியாது."

தினமும் சென்னை என்றால் விடிவதற்கு முன் ஒரு ரயில், இருட்டிய பின் ஒரு ரயில். அனுசுயாவைக் காலையில் ஸ்டேஷனில் இறக்கிவிடுவதும், மாலையில் போய்க் கூட்டிவருவதும், வழியில் வண்டியை ஓரங்கட்டி இரண்டு பேரும் போண்டா தின்பதும் அதோடு சரி. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவர் நாளெல்லாம் அட்டை வெட்டுகிறார் என்று எனக்குத் தோன்றும். ஊரார் மனசுக்கு ஆப் செய்யப் போய்த் தன் மனசு கெட்டுவிடுமே என்று தணிகைமணிக்குப் பயம் வந்துவிட்டது. சிரித்த முகமாகவேதான் பயந்தார். அவருடைய முக அமைப்பு அப்படி.

புதன்கிழமை டீ நேரத்தில் வீராசாமியின் ஷெட்டுக்குப் போனார். தறிகள் நின்று, காதுக்குள் இரைச்சல் மட்டும் மிச்சம் இருக்கிற நேரம். அட்டைப் போனில் ஐந்து முகங்கள் வரைந்திருந்தார். ஐந்தும் உருண்டை, ஐந்தும் மஞ்சள். ஒரு கோடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது ஒன்று, மறு கோடியில் கண்ணீர் கொட்டுகிறது ஒன்று, நடுவில் மூன்று ரகம். எல்லார் போனிலும் இருக்கிற அதே மஞ்சள் முகங்கள்தான். தறி ஓட்டுகிற சுலோச்சனா முதலில் வாங்கிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அஞ்சி பேருமே மொட்ட போட்டுகினு வந்துகிறாங்களே. சந்தனம் வேற நல்லா பூசிகிறாங்க."

தணிகைமணி வாயைத் திறந்தார், மூடினார். சோதித்துப் பார்க்கும்போது எதிராளிக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்பது அவர் தொழிலில் கண்டிப்பான விதி. என்ன புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கத்தானே போயிருக்கிறோம். வருஷம் முழுக்க மொட்டையும் சந்தனமுமாக மலையிலிருந்து ஜனம் இறங்குகிற ஊரில் பிறந்துவிட்டு, இது எப்படித் தோன்றாமல் போனது என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எது தோணுதோ அமுக்குங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கா, என் பேத்திக்கா?"

"உங்களுக்குத் தோணுறதுங்க."

"பேத்திக்குத்தான் மொட்ட போடறதா வேண்டிகினு கீறேன். கத்தி வெச்சா கத்தும்" என்று சொல்லி, அழுகிற முகத்தை அமுக்கினார் சுலோச்சனா. டொய்ங்.

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பேரன் பேத்திக்கு வேண்டிக்கொண்டவர்கள் வரிசையாக வந்து அழுகிற முகத்தை அமுக்கினார்கள். அந்த ஷெட்டில் பேரன் பேத்தி இல்லாதவர்கள் குறைவு. போன கிருத்திகைக்கே நேர்த்திக்கடனை முடித்துவிட்ட ஒருவர் மட்டும் பெருமையாகச் சிரிக்கிற முகத்தை அமுக்கினார். தலையில் ஒரு முடிகூட இல்லாத துளசிங்கம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு சாமியே மொட்ட போட்டு அனுப்பிச்சிட்டாரு. அதனால தாடிய குடுக்கறேன்னு வேண்டிகினு கீறேன். தாடி வெச்ச மொட்ட இதுல இல்லியா?" ஐந்து முகங்கள் போதவில்லை என்று தணிகைமணி குறித்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது எந்த முகத்துக்கு எத்தனை பேர் என்பதைப் பிரியங்காவுக்கு அனுப்பினார். மொட்டை விவகாரத்தை எழுதினால் நம்ப மாட்டார், போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அங்கேதான் தப்பு. வேகம்தான் இந்தத் தொழிலின் பெருமை. தணிகைமணி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பிரியங்கா அதைக் கலர்ப் படமாக்கி நேரே வீராசாமிக்கு அனுப்பியாகிவிட்டது. படத்துக்குக் கீழே ஒரு வரி: "உங்கள் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அழுகிறார்கள்."

வீராசாமி பதறிப்போனார். வியாழக்கிழமை காலையில் ஓடுகிற தறிகளை நிறுத்தச் சொல்லி நடுவில் வந்து நின்றார்.

"யாரு உங்கள இன்னா சொன்னாங்க? மேஸ்திரி திட்டினானா? ஏன் அழுவுறீங்க?"

யாரும் அழவில்லை. "பேத்திக்கு மொட்டைங்க மொதலாளி" என்றார் சுலோச்சனா.

"எதுக்கு வேண்டிகினே?"

வீராசாமி பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வர ஆரம்பித்ததும் நிற்கவில்லை. சுலோச்சனாவின் பேத்திக்கு மூச்சு இரைக்கிறது, ராத்திரியெல்லாம் பாட்டிதான் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். துளசிங்கத்தின் தாடி அவருடைய தறிக்காக. நூல் அறுந்து அறுந்து அவருக்குப் பைத்தியம் பிடிக்கிறதாம். கடைசியாகப் பாஞ்சாலி சொன்னார்: "எனக்கு வலது காது கேக்கல மொதலாளி. கேட்டுட்டா முடி குடுக்கறேன்னு வேண்டிகினேன்."

"எப்போலேர்ந்து?"

"தெரிலிங்க. நீங்க பேசறப்போ எடது காத காட்டிகினு நிப்பேன்."

வீராசாமி பாஞ்சாலியின் இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டார். பேத்திக்காரர்கள் எல்லாரும் கிருத்திகைக்கு மலைக்குப் போய்வர லீவும், கம்பெனி வேனும் அங்கேயே முடிவாயின.

இதெல்லாம் தணிகைமணிக்குத் தெரியாது. சாயங்காலம் வீராசாமி போனில் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "இன்னா நைனா, ஆப்புன்னு சொல்லிட்டு எனக்கே ஆப்பு வெச்சிட்டியே. அரைநாள் தறி நின்னுபோச்சி. நாளைக்கி வா, பேசிக்கலாம்." வேலை போச்சு, சீசன் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்று தணிகைமணி முடிவு கட்டிவிட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஐந்து முகங்களுக்கும் முடி வரைந்தார். ஒன்றுக்கு வகிடு, ஒன்றுக்குச் சுருள், அழுகிற முகத்துக்கு நல்ல அடர்த்தியாகக் கிராப்பு. அனுசுயா எட்டிப் பார்த்தார். "அழுவுறவன் கல்யாண மாப்ள மாரி கீறான்" என்று சொல்லிவிட்டு, தட்டை மறுபடி அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை வீராசாமியின் அறையில் மேசை மேல் லேப்டாப், லேப்டாப்புக்குள் பிரியங்கா. சுலோச்சனாவையும் பாஞ்சாலியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். தணிகைமணி புது அட்டையை நீட்டினார்.

"ஐய, முடி மொளச்சிட்ச்சே!" என்றார் சுலோச்சனா. "மறுபடியும் போடணுமா தம்பி?"

வீராசாமி அட்டையை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். "யாரு நைனா உன்ன முடி வெக்கச் சொன்னது? நல்லா இருக்கியான்னு நானும் இத்தினி வருசமா கேட்டுகினுதான் கீறேன். பரவால்ல மொதலாளிம்பாங்க. காது கேக்காதவளும் பரவால்லன்றா, கொழந்தைக்கு மூச்சு எரைக்கறவளும் பரவால்லன்றா. வேண்டுதல் இன்னான்னு கேட்டாத்தான் உள்ள கீறது வெளிய வருது. பழைய மொட்டைங்களையே போடு. கேள்விய மட்டும் மாத்து."

பிரியங்காவுக்குப் பாதிதான் புரிந்தது. "அப்போ ஓகேன்றீங்களா சார்?"

"ஆங், ஓகேதாம்மா. ஆனா ஒண்ணு. இவரு இங்கியே இருக்கணும். மெட்ராஸ்ல உக்காந்துகினு வரஞ்சா உங்களுக்கு மொட்டயும் தெரியாது, சந்தனமும் தெரியாது."

"சரி சார்" என்றார் பிரியங்கா. "தணிகை, நீங்க அங்கயே இருங்க."

தணிகைமணிக்கு அப்போதே எழுந்து ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அரக்கோணம் ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது என்பதுகூட நினைவில்லை. சுலோச்சனா அட்டையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எல்லாரையும் கேட்டீங்களே தம்பி, இப்போ நீங்க சொல்லுங்க. நீங்க இன்னா வேண்டிகினீங்க?"

தணிகைமணி எந்த முகத்தையும் அமுக்கவில்லை. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் தன் சுருட்டை முடியை ஒரு தரம், மெதுவாக, கை நிறையத் தடவிக்கொண்டார்.