முப்பத்தேழாம் அளவு

புரூல் முதலில் மோந்துதான் பார்ப்பாள். பெட்டியைப் பிரித்ததும் ஷூவுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். பசை வாடை காரமாக ஏறினால் அடிப்பாகம் சீக்கிரம் பிரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. அடுத்து, ரொட்டியைப் பிய்ப்பதுபோல் இரண்டு கையாலும் வளைப்பாள். எதிர்க்கடை ஜுமாகுல் சும்மா இருக்கமாட்டாள்.

"மத்தியானத்துக்கு அதைத்தான் சமைக்கப் போறியா அக்கா?"

"வேகாதுடி. தோல்னு சொல்லி ரப்பரை அனுப்பியிருக்கான்."

தோர்தோய் சந்தையில் கன்டெய்னர்மேல் கன்டெய்னர். கீழே கடை, மேலே சரக்கு. புரூல், நரீன் மலைப்பக்கத்து ஆட்டுக்காரர் அசன்பெக்கின் நாலாவது பெண். அக்காமார் மூவரும் மலையிலேயே வாழ்க்கைப்பட்டார்கள். இவள் ஒருத்திதான் பஸ்ஸும் ரயிலும் மாறி சீனாவின் குவாங்சோ வரை போய், ஷூ ஆலைகளின் வாசலில் காத்துக் கிடந்து தொழில் படித்தவள். இப்போது மாதிரிகள் கடைக்கே வருகின்றன. யாரும் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஒற்றைக்கால்தான் அனுப்புவார்கள். பெண்களுக்கானது எப்போதும் முப்பத்தேழாம் அளவு.

புரூலின் கால் நாற்பது. மகள் பெர்மெட்டின் கால் முப்பத்தேழு. ஒரு காலில் மாதிரியும் மறுகாலில் பழசுமாக, கடைவரிசை முழுக்க அவள் விந்தி விந்தி நடந்து வருவாள். கம்பளிக் காலுறை போட்டுத்தான். இந்த ஊர்க் குளிரில் அது இல்லாமல் யார் ஷூவில் கால் விடுகிறார்கள்? அந்த வெக்கை ஊர் ஆலைக்கு அது எங்கே தெரியப்போகிறது? "அம்மா, விரல் அழுவுது" என்று பெர்மெட் சொன்னால் அந்த மாதிரி தள்ளுபடி.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் பெர்மெட் நிமோனியாவில் போனாள். அப்புறம் புரூல் கையை விட்டுப் பார்த்தே சரக்குக்கு ஆர்டர் சொன்னாள். கைக்கு ஏது காலுறை? சரக்கு வந்தது, காலுறை போட்ட கால் ஒன்றும் நுழையவில்லை. அந்தப் பெட்டிகள் இன்னும் மேலே கூரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த முறையும் தவறினால் கன்டெய்னரே கைவிட்டுப் போகும்.

சீனாவில் அவளுக்காக ஆலைகளோடு பேசும் லின் இன்று காலையிலேயே போன் செய்துவிட்டாள்: "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க அக்கா. இல்லைன்னா ஆலையில வேற ஆளோட சரக்கைத் தைக்க ஆரம்பிச்சிருவாங்க."

புதிதாக வந்திருந்த மாதிரி ஷூவுக்குள் புரூல் மறுபடியும் கையை விட்டாள். ஜுமாகுல் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"என் மருமக காலும் முப்பத்தேழுதான். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேளேன்."

"கையே போதும்."

"போன வருஷமும் இதேதான் சொன்னே."

சொன்ன பிறகு ஜுமாகுலுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. தேநீர் ஆறி ஆடை கட்டியது. கடைசியில் புரூல், "வரச் சொல்லு" என்றாள்.

மெரிம் வந்தாள். இந்த இலையுதிர் காலத்தில்தான் கல்யாணமாகி வந்தவள். தலைத்துணி இன்னும் பழகவில்லை, இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். காலில் மெல்லிய நகரத்துக் காலுறை. புரூல் முக்காலியை நகர்த்திப் போட்டாள். கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே குதிகால் தேய்ந்த சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. ஜுமாகுல் அதைப் பார்த்ததும் தன் கடைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வாங்கிக்கொள்ள மெரிம் கை நீட்டினாள். புரூல் கொடுக்கவில்லை. மண்டியிட்டு, தானே மாட்டிவிட்டாள். அதன்மேல் ஷூவை ஏற்றி நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினாள்.

"எந்திரி தாயி. எங்க கடிக்குது, சொல்லு."

"கடிக்கல பெரியம்மா. நடந்து காட்டட்டா?"

புரூல் ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே பெருவிரல் அசைந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது, லின்னாகத்தான் இருக்கும். புரூல் கட்டைவிரலை எடுக்கவில்லை.