கைப்பிடியில் காய்ந்த துண்டு

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு புத்தி வந்துவிடும். காலையில் அருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு, துண்டைப் பிழிந்தும் பிழியாமலும் பைக்கின் கைப்பிடியில் குறுக்கே விரித்துப்போட்டுக்கொண்டு வருவார்கள். காற்றில் காய்கிறதாம். வீட்டில் கொடி இல்லையா என்ன? குளித்துவிட்டு வருவதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் இதில் ஒரு நாளும் தவறமாட்டார்.

அன்றைக்கு எனக்குக் கீழப்பாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. நான் ஃபார்மசி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ‘இப்ப என்ன அவசரம்’ என்று சொல்லிச் சொல்லியே என் சர்டிபிகேட்டைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். பல வருடம் கழித்து வந்த ஒரே அழைப்பு இது. டாக்டர் பத்து மணிக்கு ஆபரேஷனுக்குள் போய்விடுவார், அதற்குள் வராவிட்டால் இன்னொரு பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

“நான் இருக்கையில நீ எதுக்கு பஸ்ஸுல போற?” என்றார்.

அவர் குளித்துமுடித்துக் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. “அத எடுத்துப் போட்டுட்டு வாங்க” என்றேன். போகிற வழியில் காய்ந்துவிடும் என்றார்.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த ஹாரன் எங்கள் வீட்டுத் துரைக்குப் போதவில்லை. செங்கோட்டையில் பஸ் ஹாரன் ஒன்றை வாங்கிவந்து தானே மாட்டினார். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரைக் கைப்பிடிக்குக் கீழே சுரண்டி, அதில் ஹாரன் வயரை முறுக்கி, பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டுகிற டேப்பைச் சுற்றிவிட்டார். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயர் அதுதானாம். அதைக் கண்டுபிடித்ததில் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

பாவூர்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஹாரனை அழுத்தினார். ஹாரன் பாதி கத்தி அடங்கியது. கூடவே வண்டியும் நின்றுவிட்டது. ஆடு நிதானமாகக் கடந்து போனது.

ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. நம் ஊரில் நின்றுபோன பைக்கைக் கண்டால் ஆண்களுக்கு வேறு வேலை இருக்காது. எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

“ரிசர்வுல வச்சுப் பாத்தியளா?” என்றார் ஒருவர். அந்த வண்டியில் ரிசர்வே கிடையாது.

“சோக்க இழுங்க அண்ணாச்சி” என்றார் மற்றவர். அதுவும் கிடையாது. என் வீட்டுக்காரர் அதையும் குனிந்து தேடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் மூன்று பேருமாக வண்டியைச் சாய்த்துப் பிடித்து ஆட்டினார்கள். ஒருவர் டேங்கின் மூடியைத் திறந்து வாயை வைத்து ஊதினார். படித்த மனுஷன், பேங்க் வேலையில் இருப்பவர் என் கணவர், “இன்னும் நல்லா ஊதுங்க” என்று அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தினமும் பின்னால் உட்கார்ந்து போகிறவள் நான். சாவியைத் திருப்பியதும் முன்னால் டேங்குக்குள் ‘உய்ய்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அன்று அது வரவில்லை.

“ஏங்க, பம்பு சத்தமே வரல. ஃபியூஸப் பாருங்க.”

“ஏட்டி, நீ சும்மா இரி. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு.”

இவர்கள் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் டாக்டர் ஆபரேஷனை முடித்துவிட்டு வீட்டுக்கே போய்விடுவார். நானே சீட்டைக் கழற்றி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். பம்பு ஃபியூஸ் கருகிக் கிடந்தது. மூடியில் ஒரே ஒரு ஸ்பேர் இருந்தது. “இரி, நான் போடுதேன்” என்று கையிலிருந்து பிடுங்கிப் போட்டார். ‘உய்ய்’ என்றது. உயிர் வந்தது எனக்கு. சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு மகராசன் என்ன செய்தார் தெரியுமா? ஹாரனை அழுத்தினார். அந்த ஃபியூஸும் போனது.

அந்த நேரத்தில் அவரை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. துண்டைத் தூக்கிப் பார்த்தேன். அதன் தண்ணீர் முழுக்க அந்த டேப் சுற்றிய இடத்தில்தான் இறங்கியிருந்தது. ஹாரன் வயரைப் பிடுங்கி எறிந்தேன். பம்பு வயரைத் துப்பட்டாவால் துடைத்து, கைப்பையிலிருந்த காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றினேன். பகலில் ஹெட்லைட் எதற்கு? அதன் ஃபியூஸும் அதே அளவுதான். அதை எடுத்துப் பம்புக்குப் போட்டேன். சீட்டை மாட்டி, முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சத்தம் வந்தது. வண்டி பிடித்துக்கொண்டது.

“இப்ப பாத்தியா” என்றார், கையைத் துடைத்துக்கொண்டு. “தள்ளி உக்காரு, நான் ஓட்டுதேன்.”

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் பைக்கில் தென்காசியைச் சுற்றியவள் நான். சேலை கட்டச் சொன்னவரின் பேச்சைக் கேட்காமல் சுடிதார் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“நீங்க இங்கனயே நின்னு காயப்போடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். டீக்கடைக்காரர்கள் சிரித்தார்களா என்று திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

டாக்டர் ஆபரேஷன் அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நடந்தபடியே மருந்துகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். சொன்னேன். என் கையிலிருந்த கரியைப் பார்த்தார். “நாளைக்கே வந்துருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அடுக்களைவரை கேட்டது. “பம்பு போயிட்டு. நான்தான் சரி பண்ணி அவள அனுப்பிவச்சேன்.” நான் போய் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் அந்தப் பேச்சுக்கு ஒரு தகுதி வேண்டும்.

மறுநாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வண்டிச் சாவியைக் கேட்டார். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். சாவி என் கைப்பையில் இருந்தது.

“எனக்கு டூட்டி இருக்கு” என்றேன். “நீங்க பஸ்ஸுல போங்க.”