கோசோங் தேவன்

தேவனை ஒரு இடத்தில் உட்கார வைப்பவருக்குக் கோயிலே கட்டலாம். பாச்சாங் டவுனுக்குக் குடிவந்ததிலிருந்து பேட்டரி கடை, லோரி, ஃபேக்டரி வேன் என்று தாவிக்கொண்டே இருக்கிற மனுஷன். சோறு தின்னும்போதும் முட்டி ஆடும். அப்பேர்ப்பட்டவன் தொண்ணூற்று நாலில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கறுப்பு வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிவந்து, வேலை விட்டு வந்ததும் டிவி முன்னால் சம்மணம் போட்டால், மனைவி புனிதா பயப்படாமல் என்ன செய்வாள்?

ஆகாயத்திலிருந்து வரிசை வரிசையாய் இறங்கும் பூதங்களைச் சுட்டுத்தள்ளும் ஆட்டம் அது. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணி வீட்டு டிவியில், சின்ன வயதில் ஆடியது. புள்ளிகள் எல்லாம் ஒன்பதாகிவிட்டால், அதற்குமேல் இடமில்லாமல் மறுபடி பூஜ்யத்துக்கே வந்துவிடும். தேவன் அந்த வயதிலேயே அதையும் செய்துவிட்டான். பாழாய்ப்போன கூட்டாளி பெரியதம்பி, சரியாக அந்தப் பூஜ்யம் தெரியும்போதா உள்ளே வரவேண்டும்? "இவ்ளோ நேரம் ஆடி கோசோங்கா!" என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கக் கத்தினான். பூஜ்யத்துக்கான அந்த மலாய்ச் சொல் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. கல்யாணத்தில்கூட 'கோசோங் தேவன்' என்றுதான் வாழ்த்தினார்கள். அந்தப் பெயரை அழிக்கத்தான் இப்போது இந்தப் பெட்டி.

அந்தப் பெரியதம்பியையே ஒரு ஞாயிறு சாயங்காலம் வரவழைத்து, டிவி முன்னால் உட்கார வைத்தான்.

"கண்ணை எடுக்காதடா, பார்த்துகிட்டே இருலா."

ஒன்பதுகள் சேர்ந்துகொண்டே வந்தன. இன்னும் ஒரே வரிசைதான் பாக்கி. அந்நேரம் பார்த்துப் புனிதா சமையலறையில் கிரைண்டர் சுவிட்சைத் தட்டிவிட, பல்பு ஒருமுறை மங்கி எழுந்தது.

அவர்கள் வளர்ந்த தோட்டத்தில் எஞ்சின் ஓட்டித்தான் கரண்டு. நிறுத்துவதற்கு முன்னால் எஞ்சின்காரர் விளக்கை ஒருமுறை மங்க வைப்பார். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்காவிட்டால் டிவி கெட்டுப்போகும். அந்தப் பழக்கத்தில் பெரியதம்பி பாய்ந்தான். திரை கறுத்தது. டவுனில் எஞ்சின் ஏது என்பது, பிளக் கைக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அடப்பாவி!" தேவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியதம்பி பிளக்கைப் பிடித்தபடியே சொன்னான். "பூஜ்யத்துக்குத் திரும்பினதை நான் பார்த்துட்டேன்டா, சத்தியமா. இனிமே உன்னை அப்படிக் கூப்பிட மாட்டேன். மத்தவனையும் கூப்பிட விடமாட்டேன்லா."

அந்தக் கடைசி வரிசை விழவே இல்லை. தேவன் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அந்தப் பெயர் இத்தோடு ஒழிந்தது.

"பொய் சொல்லாத. நீ பல்பைத்தான் பார்த்த."

தேவன் அவன் கையிலிருந்த பிளக்கை வாங்கிச் சொருகினான்.

"உட்காரு. முதல்லேர்ந்து ஆடறேன்."