நிழல் இல்லாதவர்களின் பல்செட்

எங்கள் தெருவில் ரகசியம் என்று ஒன்று உண்டென்றால், அது என் நாத்தனார் கடைக்கு மந்திரவாதிகள் வருவதுதான். தெருவில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் வரை நாத்தனாருக்கு மட்டும் தெரியாது.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி பல்செட் செய்பவர். வீட்டு முன்னறைதான் கடை. மந்திரத்தால் முளைக்க வைத்த பல்லில் மந்திரம் சரியாக வராதாம். அதனால் பல் விழுந்த மந்திரவாதிகள் இங்கேதான் வந்தாக வேண்டும். மொட்டை வெயிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, காலடியில் நிழலே விழாமல் வருவார்கள். டீக்கடைக்காரர் பார்த்தவுடனே, "பல்செட்டா? அந்தப் பச்சைக் கதவு" என்று கை காட்டிவிடுவார். இதற்குப் பெயர் மறைவாம்!

அவர்கள் சட்டப்படி, வேலை முடிந்ததும் சாதாரண மனுஷிக்கு எல்லாம் மறந்துவிட வேண்டும். புதுப் பல்லை மாட்டிக்கொண்டு அண்ணியைப் பார்த்து "மற!" என்று மூன்று தடவை சொல்வார்கள். அந்த ஒரு நாள் முழுசாக அண்ணியின் தலையிலிருந்து போய்விடும். சமையலறையில் நிற்கிற என்னை எவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அடுப்படியில் நிற்பவளுக்கும் கண், காது இருக்கும் என்று அத்தனை மந்திரம் படித்தவர்களுக்கும் தோன்றவில்லை பாருங்கள்! நான் நடந்ததைச் சொன்னால் அண்ணி, "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

போன வருஷம் அந்தக் கூத்து வினையாக முடிந்தது. பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அண்ணியின் மகள், கோபம் மறந்து குழந்தையோடு வந்தாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் கிளம்பிப் போனதும், மதியம் ஒரு நிழலில்லாத பாவி வந்து பல்லை மாட்டிக்கொண்டு போனான். மறுநாள் மகள் போன் செய்தபோது அண்ணி, "யாரு நீ? என் பொண்ணு என்னை வேண்டாம்னு போய் எத்தனையோ வருஷமாச்சு" என்று வைத்துவிட்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அப்போதுதான் நான் சொன்னதை நம்பினார். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவே இல்லை. 

என் கணவர் கெஞ்சிக் கூத்தாடி தன் அக்கா மகளை மறுபடி அழைத்துவந்தது இன்று காலையில். வந்தவள் என்னிடம், "அத்தை, இன்னொரு தடவை என்னை யாருன்னு கேட்டாங்கன்னா, இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். குழந்தையோ பாட்டி முன்னால் வாயைப் பிளந்து, ஆடுகிற முன்பல்லைக் காட்டியது. அண்ணி விரல் நுனியால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

சாப்பிட்டு எழுவதற்குள் வாசலில் போர்வை.

"அண்ணி, ஆளுக்கு நிழல் இல்ல. திருப்பி அனுப்பிடுங்க."

"செட்டு செஞ்சு அலமாரில இருக்கு. பல்லில்லாம வந்தவரைத் திருப்பி அனுப்பவா கடை வச்சிருக்கேன்?"

தலையெழுத்து! தொழில் என்று வந்துவிட்டால் இவருக்கு வீடு, வாசல் ஒன்றும் கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணி மேல்செட்டை எடுத்தார். முன்பல்லுக்குப் பின்பக்கம், நாக்கு தட்டுகிற இடத்தில், விரலால் எதையோ அழுத்தினார். மெழுகு.

பல்செட் மாட்டியதும் யாராக இருந்தாலும் "கரை, கறை" என்று சொல்லவைத்துப் பார்ப்பது அண்ணியின் வழக்கம். 'ற' அழுத்தமாக விழாவிட்டால் பல்லைக் கொடுக்கவே மாட்டார். இன்று கேட்கவில்லை. "கச்சிதமா இருக்குங்க" என்று கண்ணாடியை நீட்டினார்.

மந்திரவாதி கையைத் தூக்கினார். "மர! மர! மர!"

அவர் உட்கார்ந்திருந்த மரப் பெஞ்சு துளிர்த்தது. மூன்று இலைகள், பச்சைப் பசேலென்று. மனுஷர் கண்ணாடியில் தன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

அண்ணி திருதிருவென்று விழித்தார். "நீங்க யாருங்க? என்ன வேணும்?"

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பெரிய ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட நடை!

திரும்பினால், உள்கதவில் மகள். அந்த "யாருங்க" அவள் காதில் விழுந்துவிட்டது. முகம் செத்துப்போய், பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். 

அண்ணி மகள் பக்கம் பார்க்கவே இல்லை. குழந்தை முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"எங்க, அந்த ஆடுற பல்லைக் காட்டு. காலைல பார்த்ததைவிட இன்னும் ஆடுதா?"

மகளின் தோளிலிருந்து பை கீழே விழுந்தது.