முன் அறையில் கோல்மன்

கோல்மன் கனீலி செத்துப்போனது ஆகஸ்ட் மாதத்தில், வீட்டில் வெளியூர் ஆட்கள் தங்கியிருந்த சமயத்தில். உயிரோடு இருந்தபோதும் எந்தக் காரியத்தையும் அவன் தோதான நேரத்தில் செய்ததில்லை. கல்யாணம் கட்டாதவன். அண்ணன் பார்ட்லியின் வீட்டுப் பின்னறைதான் அவன் உலகம். பார்ட்லியின் மனைவி டெலியாவுக்கு அவன் கொழுந்தன்.

கில்ப்ராக் கடற்கரைச் சாலையில் அவர்கள் வீட்டு வாசலில் பச்சைப் பலகை ஒன்று தொங்கியது. படுக்கையும் காலைச் சாப்பாடும் கிடைக்கும், சுற்றுலா ஆபீஸ் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட வீடு என்று அர்த்தம். கோடையில் மாடியின் நல்ல அறைகள் எல்லாம் வந்தவர்களுக்கு. டெலியாவும் பார்ட்லியும் சமையலறைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்வார்கள். அந்தப் பலகைதான் அவளுக்கு வருஷத்துக்கும் சோறு. பார்ட்லியின் படகை மட்டும் நம்பினால் குளிர்காலம் நகராது.

அன்று காலை அடுப்பில் பன்றிக்கறி பொரிந்துகொண்டிருந்தது. கோல்மனை எழுப்பப் போன டெலியா, அவன் கண்களை மூடிவிட்டுத் திரும்பி வந்தாள். மாடியில் தங்கியிருந்த ஜெர்மன்காரத் தம்பதி வெர்னரும் உர்சலாவும் முன் அறை மேசையில் காத்திருந்தார்கள். தட்டுகளை அவர்கள் முன் வைத்தாள்.

"என் கொழுந்தன் தூக்கத்துலயே போயிட்டான். முட்டை ஆறிடும், சாப்பிடுங்க. அப்புறம் இந்த மேசை எங்களுக்கு வேணும்."

கனீலி வீட்டில் செத்தவர்களை முன் அறையில்தான் கிடத்துவார்கள். பார்ட்லியின் அப்பா டாரா, அத்தை சால், கடல் விழுங்கித் திருப்பிக் கொடுத்த சித்தப்பா மைக்கில், எல்லோரும் அந்த அறையிலிருந்துதான் போனார்கள்.

செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவன் ஃபின்டன். டெலியாவின் அத்தை மகன், படகுத்துறை ஓட்டலுக்கு முதலாளி. ஓட்டல் நிரம்பினால் மிச்ச ஆட்களை இவளிடம்தான் அனுப்புவான்.

"டெலியா, டவுன்ல பிண அறை இருக்கு. வண்டி பின்பக்கமா வரட்டும். ஜெர்மன்காரங்களை என்கிட்ட அனுப்பு. எதுக்குன்னு கேட்டா, குழாய் உடைஞ்சிடுச்சுன்னு சொல்லு."

"கோல்மன் குழாயா?"

"வெளையாடாதே. போன வருஷம் என் மாடியில ஒருத்தர் செத்தாரு. பக்கத்து ரூம்காரனுக்குக்கூடத் தெரியாது. அழுக்குத்துணி இறக்குற லிஃப்ட்ல கொண்டுபோயிட்டோம். தொழில்னா அப்படிப் பண்ணணும்."

"அவர் பேரு என்ன?"

ஃபின்டன் யோசித்தான். ரூம் நம்பர்தான் வாயில் வந்தது.

"உன்னுது ஓட்டல், நல்லாத்தான் நடத்துற. இது வீடு. வர்றவங்க எங்ககூட வந்து இருக்காங்க. அவங்க வந்துட்டாங்கன்னு எங்காளைப் பின்வாசல்ல தள்ள மாட்டேன்."

"இன்னிக்கு கால்வே சுற்றுலா ஆபீஸ்ல இருந்து சோதனைக்கு வர்றாங்க, ஞாபகம் இருக்கா? பலகை போயிடும். பலகை இல்லாத வீட்டுக்கு நான் ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன், சொல்லிட்டேன்."

"சொல்லிட்டே இல்ல? வழியை விடு, தண்ணி கொதிக்குது."

துக்க வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினார்கள். கண்ணாடியில் துணியைப் போட்டார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். மேசையில் வெள்ளை விரித்து, நல்ல கோட்டு போட்டுக் கோல்மனைக் கிடத்தினார்கள். மத்தியானத்துக்குள் சாலை முழுக்க சைக்கிளும் காரும். வந்தவர்கள் வரிசையாகப் பார்ட்லியின் கையைப் பிடித்து, பிணத்துக்கு முன் ஜெபம் சொல்லி, சமையலறையில் தேநீர் குடித்தார்கள். ஜெர்மன்காரி உர்சலா யாரும் சொல்லாமலே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டத்தில்தான் ஆபீஸ் பெண் வந்து சேர்ந்தாள், கக்கத்தில் தோல்பையோடு. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் அவள் கோட்டை வாங்கிக்கொண்டு, "உள்ள வாம்மா" என்றார். அவளும் மேயோ மாவட்டத்துப் பண்ணை வீட்டில் பிறந்தவள்தானே. கால் தானாக வரிசையில் போய் நின்றது. பார்ட்லியின் கையைப் பிடித்து, "உங்க துக்கம் பெருசு" என்றாள். முட்டிபோட்டாள். கோல்மனின் நெற்றியைத் தொட்டாள். யாரோ அவள் கையில் தேநீரையும் இறைச்சித் துண்டையும் திணித்தார்கள். பாதி தின்ற பிறகுதான் எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு நினைவு வந்தது.

"அம்மா, நான் வந்தது…"

"தெரியும். முதல்ல குடிச்சு முடிங்க," என்றாள் டெலியா.

"சாப்பாட்டு அறையில இப்படி…"

"இது எங்க முன் அறை. இங்கதான் சாப்பிடுவோம், இங்கதான் கிடப்போம். இவன் போற வரைக்கும் விருந்தாளிங்க சமையலறையில எங்ககூட சாப்பிடுவாங்க."

ஆபீஸ் பெண் குரலைத் தாழ்த்தினாள். கெட்டவள் இல்லை. "ஒண்ணு பண்ணலாம். துக்கத்துக்காக வீட்டை மூடியிருக்கீங்கன்னு நான் சொல்லிடறேன். அவங்க ரெண்டு பேரும் ஓட்டலுக்குப் போகட்டும். பலகை இருக்கும்."

பக்கத்தில் நின்ற ஃபின்டன் வேகமாகத் தலையாட்டினான்.

டெலியா கோல்மனைப் பார்த்தாள். பலகையை நினைத்தாள், குளிர்காலத்தையும் நினைத்தாள்.

"பொணத்துக்கு முன்னால பொய் சொல்லணுமா? துக்க வீட்டை எங்க ஊர்ல யாரும் மூட மாட்டாங்க, திறந்துதான் வைப்பாங்க. உங்க ஊர்ல மூடுவாங்களா?"

டெலியா பார்ட்லியின் படகுப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, வாசலில் நாற்காலி போட்டு ஏறினாள். உப்புக்காற்றில் துருவேறிய திருகாணி லேசில் அசையவில்லை. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. யாரையும் அவள் கைகொடுக்க விடவில்லை. பலகையைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்து, ஆபீஸ் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"ஜாக்கிரதை, முனை கிழிக்கும்."

கூட்டத்தில் ஃபின்டனின் அம்மா ஹனோராவும் இருந்தாள். மகனுடைய ஓட்டலின் மேல்மாடியில் தனி அறையில் இருப்பவள்.

"ஃபின்டன், என்னையும் அந்த அழுக்குத்துணி லிஃப்ட்லதான் இறக்குவியா?"

"அம்மா, சும்மா இருங்க."

"இருக்கேன்டா, இன்னும் கொஞ்ச நாள். டெலியா, எனக்கும் இந்த மேசைதான். சொல்லிட்டேன்."

"துடைச்சு வைக்கிறேன் அத்தை. அவசரப்படாதீங்க, முதல்ல இவன் போகட்டும்."

துக்க வீடு குலுங்கிச் சிரித்தது. ஃபின்டனுக்கு முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

அடக்கத்தன்று ஒரு சிக்கல். சவப்பெட்டியைத் தூக்க உயரத்துக்கு உயரம் ஜோடி வேண்டும். பனைமரம் மாதிரி இருந்த பார்ட்லிக்குச் சொந்தத்தில் ஜோடி இல்லை. வெர்னர் வந்து தோளை ஒட்டி நின்றான், சரியாக இருந்தது. கல்லறை வரைக்கும் ஜெர்மன்காரன் தோளில்தான் கோல்மன் போனான்.

அந்தக் குளிர்காலம் லேசாக இல்லை. கிடாரியை விற்றார்கள். மாடி ஒழுகியது. தனிச் சாப்பாட்டு அறை கட்டினால் பலகையைத் திருப்பித் தருவதாக ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். டெலியா அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். கோடையில் வெர்னரும் உர்சலாவும் வந்தார்கள், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. மற்றபடி சாலையில் போகிறவர்கள் கதவைத் தட்டினால் உண்டு.

ஆகஸ்டில் ஓட்டல் நிரம்பி வழிந்த ஒரு சாயங்காலம், ஃபின்டன் போன் செய்தான்.

"நாலு பேருக்குப் படுக்கை இல்ல. மழை வேற கொட்டுது. ஆனா உன்கிட்டதான் பலகை இல்லையே."

"பலகை மேலயா படுப்பாங்க? அனுப்பு."

"டெலியா, அவங்க நல்ல ஓட்டல்லயே தங்கிப் பழகினவங்க. கொஞ்சம் பார்த்து…"

"நீயே சொல்லி அனுப்பு. இங்க ரூமுக்கு நம்பர் இல்ல. மேசை ஒண்ணுதான். அதுல போன வருஷம் கோல்மன் கிடந்தான். பிடிச்சா வரட்டும்."

போனை வைத்துவிட்டு, நாலு பேருக்கும் சேர்த்து ரொட்டிக்கு மாவு பிசையப் போனாள்.