சாயங்கால மீன் விலையில் பிரஷர் மாத்திரை

செங்குட்டுவனுக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘சீப்’. யாராவது அதைச் சொல்லிவிட்டால் அவருடைய மீசையின் வலது பக்கம் மட்டும் துடிக்கும். “சீப் இல்லீங்க, நியாயமான விலை” என்று திருத்துவார். எதிராளி தலையாட்டிவிட்டு, “அதான், சீப்” என்பார். மீசை மறுபடி துடிக்கும்.

எர்ணாவூரில் உள்ள கொற்றலை லேப்ஸ் என்ற மருந்துக் கம்பெனிக்கு அவர் விற்பனைப் பொது மேலாளர். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்தவர். பி.ஃபார்ம் படித்துவிட்டு, வேறொரு பெரிய கம்பெனியில் டை கட்டிய மெடிக்கல் ரெப்பாக இளமை முழுவதையும் டாக்டர் வீட்டு வாசல்களில், செருப்புகளோடு செருப்பாகக் கழித்தார். பேனா, டைரி, சுவர்க்கடிகாரம் என்று டாக்டர்களுக்கு அவர் சுமந்து கொடுக்காத பொருள் இல்லை. ஒரு தடவை கண்ணாடித் தொட்டியோடு தங்கமீன்களையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். தண்ணீர் தளும்பி பேன்ட் நனைந்த அந்தப் பயணத்தில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது: இந்த மீன்களுக்குத் தீனி வாங்குகிற செலவு வரைக்கும் யாரோ ஒரு நோயாளியின் மாத்திரை விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஞானம் வருகிறவர்களுக்கு மரத்தடி வாய்க்கும். செங்குட்டுவனுக்கு வாய்த்தது ஷேர் ஆட்டோ.

அதன் பிறகு கொற்றலைக்கு வந்தார். கம்பெனிப் பெயரைத் தவிர வேறு அலங்காரம் எதுவும் இல்லாத வெள்ளி நிறப் பட்டையில், மருந்தின் உண்மைப் பெயரை மட்டும் அச்சடித்து, பெரிய கம்பெனி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொண்டு வந்தார். கல்மண்டபத்தில் மீன் கடைகளுக்கு எதிரிலேயே கம்பெனியின் சொந்த மருந்துக் கடையையும் திறக்க வைத்தார். முதலாளி ஜேக்கப் அரை மனதோடுதான் சம்மதித்தார்.

“தீபாவளி வரைக்கும் பாருங்க செங்குட்டுவன். கூட்டம் வரலைன்னா கடையை மூடிட்டு, இந்த வெள்ளிப் பட்டையையும் நிறுத்திட்டு, புரோட்டீன் பவுடருக்குப் போயிடலாம். ஜிம்முக்குப் போற பசங்க விலையே கேக்க மாட்டாங்க.”

கடை திறந்தது. கூட்டம் வரவில்லை. பார்மசிஸ்ட் ஷாஸியா காலையில் வந்து ஷட்டரைத் தூக்குவார், மாலையில் இறக்குவார், நடுவில் கொட்டாவி விடுவார். ஆய்வகச் சான்றிதழை லேமினேட் செய்து வாசலில் தொங்கவிட்டார் செங்குட்டுவன். கோர்ட்டு ஜப்தி நோட்டீஸ் என்று நினைத்து ஜனங்கள் தெருவின் அந்தப் பக்கமாக நடந்தார்கள். இலவச பிரஷர் பரிசோதனை என்று பலகை வைத்தார். மீன்காரப் பெண்கள் வரிசையில் வந்து கையை நீட்டினார்கள், அளவைத் தெரிந்துகொண்டார்கள், “நல்லா இரு கண்ணு” என்று ஷாஸியாவை வாழ்த்தினார்கள். பிறகு நேரே பக்கத்துத் தெரு மெடிக்கலுக்குப் போய், பெரிய மும்பைக் கம்பெனி ஒன்றின் தங்க நிறப் பட்டை வாங்கினார்கள்.

அந்தப் பெண்களில் பூவம்மா எதை வாங்குகிறாரோ அதைத்தான் மற்றவர்களும் வாங்குவார்கள். அவருக்குப் பிரஷர் இருந்தது. தினம் பாதி மாத்திரைதான் சாப்பிடுகிறார் என்று ஷாஸியா சொல்ல, செங்குட்டுவன் நேரே அவர் கூடைக்கு முன்னால் போய் நின்றார்.

“இன்னா மேனேஜரே, கடைல ஈ ஓட்டிகினு கீறியாமே? ஈ பத்தலேன்னா சொல்லு, எங்கைல நெறைய கீது.”

“யக்கா, வெளையாடாதே. மாத்திரைய அருவாமனைல பாதியா அறுத்துத் துன்றியாமே, ஏன்க்கா?”

“முழுசு துன்னா மீன் வித்த துட்டெல்லாம் மெடிக்கல்காரனுக்கே பூடும். பாதி துன்னா பாதி பிரஷராவது எறங்கும்ல?”

“அதே மருந்து எங்கைல பத்துல ஒரு பங்கு வெலைக்கு கீது. முழுசாவே துன்னலாம்.”

பூவம்மா அருவாமனையிலிருந்து கையை எடுத்தார்.

“நைனா, சங்கரா மீனு காலைல ஒரு வெல, சாயங்காலம் ஒரு வெல. சாயங்காலம் ஏன் எறங்குது?”

“கெட்டுப் பூடும், அதான்.”

“நீ காலைலயே சாயங்கால வெலைக்கு விக்கிறியே, உன் சரக்கு எப்போ புட்ச்சது?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கூடையில் இருந்த நண்டுகூடக் காலை ஆட்டியது. செங்குட்டுவன் மருந்தியல் படித்த காலத்தில் இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை.

“சரி, மீனுன்னா செவுள தூக்கிப் பாப்பேன். உன் மாத்திரைக்குச் செவுளு ஏது?” என்றார் பூவம்மா. “ஒண்ணு சொல்லு. உனக்கும் பிரஷர் கீதுல்ல? மூஞ்சிய பாத்தாலே தெரியுது. உன் வூட்ல நீ இன்னா துன்றே?”

செங்குட்டுவன் நெஞ்சை நிமிர்த்தினார். “எங்க கம்பெனி மாத்திரைதான்! மாசாமாசம் நானே எத்துகினு போய்க் குடுக்கிறேன்.”

“நீ சொல்லுவே. உன் சம்சாரத்த இட்டா. அது சொல்லட்டும்.”

சனிக்கிழமை மனைவி ரமாபாயை ஸ்கூட்டரில் அழைத்து வந்தார். ரமாபாய் தண்டையார்பேட்டைப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். பொய் சொல்ல வராது என்பது அவருடைய பெருமை, கணவரின் நிரந்தரத் தொல்லை. பூவம்மா கேள்வியைக் கேட்டதும் அவர் கணவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து வெளியே எடுத்தார்: தங்க நிறப் பட்டை.

“வெளில போறப்போ இருக்கட்டும்னு எப்பவும் பையில வெச்சிருப்பேன். வீட்ல டப்பால பிரிச்சிப் போட்டுக் குடுத்துடறதால இவருக்குத் தெரியாது.”

“அப்ப நான் குடுத்தது?” செங்குட்டுவனின் குரல் கீச்சென்று வந்தது.

“பரண்ல கீது. பத்திரமா.”

“ஏன் ரமா?”

“ஏங்க, உங்க கம்பெனி கேன்டீன் சாம்பார் வாய்ல வைக்க முடியலன்னு தினம் வந்து பொலம்புறீங்க. ஒரு சாம்பார் ஒயுங்கா வைக்கத் தெரியாதவங்க மாத்திரை மட்டும் ஒயுங்காவா செய்வாங்க?”

கல்மண்டபமே ரமாபாயின் பக்கம் நின்றது. பூவம்மா அவருக்கு ஒரு கைப்பிடி நெத்திலியை இனாமாகக் கொடுத்தார்.

செங்குட்டுவன் அந்தத் தங்கப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஓர் உண்மை தெரியும், தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் அந்த மும்பைக் கம்பெனியின் பெயரைச் சொல்லித் தன் சரக்கை விற்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுதி வாங்கியவர்கள் வாயைத்தான் கட்டியிருந்தார்கள். கண்ணைக் கட்டவில்லை.

“யக்கா, செவுளுதானே பாக்கணும்? பேக்டரிக்கு வா. ரமா, நீயும்தான்.”

ஜேக்கப் புரோட்டீன் பவுடர் கண்காட்சிக்காக ஐதராபாத் போயிருந்தது வசதியாகப் போயிற்று. வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் செங்குட்டுவன், “ரெண்டு பேரும் ஆடிட்டுக்கு வந்திருக்காங்க” என்றார். கூடையை வெளியே வைக்கச் சொன்னதற்கு அந்த ஆடிட்டர் செக்யூரிட்டியை முறைத்தார். வெள்ளை அங்கி போட்டார்கள், காலுக்கு உறை போட்டார்கள். தொப்பிக்குள் பூவம்மாவின் கொண்டை அடங்க மறுத்ததால் அவருக்கு இரண்டு தொப்பிகள் தேவைப்பட்டன.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய டிரம். அதிலிருந்து பிரஷர் மாத்திரைகள் இயந்திரத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தன. மறுமுனையில் தங்கப் பட்டைகள் வரிசையாக வெளியே வந்து விழுந்தன. ரமாபாய் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நின்றார். அது அவர் கைப்பையில் இருந்த அதே பட்டை. சற்று நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஓர் ஆள் தங்க உருளையைக் கழற்றிவிட்டு வெள்ளி உருளையை மாட்டினார். இயந்திரம் மறுபடி ஓடியது. அதே டிரம், அதே மாத்திரை. இப்போது வெள்ளிப் பட்டை.

“தோ, ஒரே கூடைல கீறது ரெண்டுத்துலயும் போவுது!” என்று கத்தினார் பூவம்மா. “இன்னா மேனேஜரே, ரெண்டும் ஒண்ணா?”

செங்குட்டுவன் உத்தரத்தைப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லலக்கா. கையெழுத்துப் போட்டுக்கீறேன்.”

“நீ சொல்லாதே. எங்கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி? ஒரே லாஞ்சு, ஒரே வலை. எங்கூடைக்கு வந்தா வஞ்சிரம், ஏசி கடைக்குப் பூட்டா சீர் ஃபிஷ்ஷு!”

ரமாபாய் இத்தனை வருஷமாகத் தங்கப் பட்டைக்குக் கொடுத்ததை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். கணக்கு டீச்சர் என்பதால் விடை சீக்கிரம் வந்துவிட்டது. அந்த விடையை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி கல்மண்டபத்தில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. மறுநாளே ஷாஸியாவிடமிருந்து போன்.

“சார், கூட்டம் வந்திருக்கு. ஆனா யாரும் வாங்காம சண்டை போடுறாங்க!”

“என்ன சண்டை?”

“வெலைய குறைக்கச் சொல்றாங்க. ஏற்கெனவே கம்மிதான்னா கோச்சிக்கிறாங்க.”

நியாயமான விலை, ஒரே விலை என்பது செங்குட்டுவனின் வேதம். அதை விளக்கிச் சொல்ல அவர் ஓடினார். பூவம்மா அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு ஷாஸியாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“இத பாரு கண்ணு. அட்டைல போட்ட வெலைய சொல்லு. அவ கொறன்னுவா. நீ கட்டுப்படி ஆவாதுன்னு மூஞ்சத் தூக்கிக்கோ. அவ போற மாறி நாலு எட்டு வைப்பா. அப்பால கூப்ட்டு ஒரு ரூபா கொற. அவ வூட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவா. பிரஷரு பாதி அதுலயே எறங்கும்.”

வேதம் ஒரு ரூபாய்க்குப் போயிற்று. ஷாஸியா இரண்டே நாளில் “எனக்கே கைய கடிக்குதுக்கா” என்று கண்கலங்குகிற அளவுக்குத் தேறினார். பூவம்மா முழு மாத்திரை சாப்பிடத் தொடங்கினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடையை மூடும் முடிவோடு ஜேக்கப் காரில் வந்து இறங்கப் பார்த்தார். வாசலில் பெண்கள் கூட்டமாக நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மருந்தில் ஏதோ ஆகிவிட்டது, ஊர் திரண்டு கடையை முற்றுகை போட்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி எட்டிப் பார்த்தார்.

உள்ளே அதே நேரத்தில் பூவம்மா பிரஷர் மிஷினோடு தகராறு செய்துகொண்டிருந்தார். அளவு சரியாக இருக்கிறது என்று ஷாஸியா சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“எனக்காவது, சரியா இருக்கறதாவது! மிஷினு அவுட்டு. வேற ஆளுக்குப் போட்டுப் பாக்கணும்.”

மிஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவருக்குக் காருக்குள் வியர்த்துக்கொண்டிருந்த ஜேக்கப் தென்பட்டார். கண்ணாடி வழியே அவர் கையைப் பிடித்து இழுத்து மிஷின் பட்டையைச் சுற்றிவிட்டார்கள். மிஷின் காட்டிய அளவைப் பார்த்து, பின்னாலேயே ஓடி வந்த ஷாஸியா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“மிஷினு ஒயுங்காத்தான் கீது. ஆளுதான் ரிப்பேரு,” என்றார் பூவம்மா. “நீ மாத்திரை துன்றதில்லயா நைனா?”

“டாக்டர் எழுதிக் குடுத்தாரு. வாங்கத்தான் நேரமில்லை,” என்றார் மருந்துக் கம்பெனி முதலாளி.

“நேரமில்லியா? எறங்கு. க்யூல நில்லு.”

ஜேக்கப் இறங்கினார். க்யூவில் நின்றார். தன் முறை வந்ததும் போனில் இருந்த டாக்டர் சீட்டைக் காட்டினார். ஷாஸியாவுக்கு அவர் யாரென்று தெரியாது. விலையைக் கேட்டுவிட்டு அவர் பேசாமல் முழுத் தொகையை நீட்ட, பின்னால் இருந்த பெண்கள் கொதித்துப் போனார்கள்.

“யோவ், கேட்ட துட்ட அப்டியே குடுக்கிறியே, நாளைக்கு எங்களையும் அதே மாறி கேக்காதா இது? பேசி வாங்கு!”

ஜேக்கப் தொண்டையைச் செருமினார். “கொஞ்சம்… பாத்துப் போட்டுக் குடுங்கம்மா.”

எல்லாவற்றையும் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த செங்குட்டுவன், ஷாஸியாவின் காதருகே குனிந்தார்.

“இவருக்கு மட்டும் ஒரு பைசா குறைக்காதே.”