துடிப்பு ஏறாத காரணம்

கட்டுகஸ்தோட்டை ஜிம்மில் உடற்கட்டைப் பார்த்தே ஒரு பயிற்சியாளரைத் தெரிவு செய்தேன். நான்காம் நாள் ட்ரெட்மில்லில் என் வோச்சைப் பார்த்தவர், "என்ன அங்கிள், துடிப்பு இன்னும் நூறுக்கே வரல்ல. சும்மா நடிக்கிறீங்க" என்று சிரித்தபடி வேகத்தைக் கூட்டினார். ரோஷத்தில் ஓடினேன். பதினாறாவது நிமிடத்தில் கண் இருண்டு கைப்பிடியில் சாய்ந்தேன்.

நான் ப்ரெஷருக்கு எடுக்கும் குளிசை நாடித்துடிப்பை அதிகம் ஏறவிடாது என்று மறுநாள் டொக்டர் விளக்கினார். குளிசையைப் பற்றி அந்தப் பயிற்சியாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு வேறு இருவரைப் போய்ப் பார்த்தேன். ஒருவர் மூன்று மாதத்தில் வயிற்றைக் குறைத்துக் காட்டுவதாகச் சொன்னார். மற்றவர் என்ன குளிசை எடுக்கிறேன் என்று கேட்டு, டொக்டரின் கடிதத்தையும் கொண்டுவரச் சொன்னார். அவரிடமே சேர்ந்தேன்.

வேகத்தைக் கூட்டுமுன் அவர் வோச்சைப் பார்க்காமல், "அங்கிள், கதைச்சிக்கிட்டே நடக்க ஏலுமா?" என்று கேட்பார். ஏலாத நாளில், ஏலாது என்று சொல்லிவிடுகிறேன்.